அடுப்புக்குக் காய்ச்சல் பார்த்த கதை

'நெருப்பில்லாமல் புகையாது' என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. புகையைக் கண்டால் அங்கே நெருப்பு இருப்பதாக அறிந்துகொள் என்பது அதன் பொருள். கடந்த ஓராண்டில் ஒன்பது மாதங்கள் எங்கள் வீட்டு விறகடுப்பின் முன்னால் அமர்ந்து அதன் வெப்பநிலையைக் குறித்து வந்த எனக்கு, அந்தப் பழமொழிக்கு மறுபக்கம் ஒன்று உண்டு என்பது புலப்பட்டது. நெருப்பு நன்றாக எரிந்தால் புகை குறையும். புகை மிகுந்தால் நெருப்பு போதவில்லை என்று பொருள். இந்தச் சிறிய உண்மையைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வெப்பமானியும், ஒரு நோட்டுப் புத்தகமும், என் தாயாரின் அளவற்ற பொறுமையும் தேவைப்பட்டன. ஆனால் அதைவிடப் பெரிய உண்மை ஒன்றைக் கடைசி மாதத்தில்தான் கற்றேன். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

எங்கள் வீடு மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் செல்லும் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் இருக்கிறது. என் தாயார் தெருமுனையில் இட்லி, தோசை விற்கிறார். விடியற்காலை மூன்றரை மணிக்கு அடுப்பு மூட்டினால்தான், ஐந்து மணி மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு இட்லி கிடைக்கும். அப்பா கட்டட வேலைக்குப் போகிறார். வேலை இல்லாத நாள்களில் வீடு இட்லியால் நடக்கிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் படிப்புச் செலவில் பெரும்பகுதி அந்த அடுப்பிலிருந்து வந்ததே.

'தாம்பரத்தில் இன்னுமா விறகடுப்பு?' என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். உண்டு, நண்பர்களே! 2007-இல் தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது எங்கள் வீட்டிற்கும் ஒரு அடுப்பு வந்தது. வீட்டுச் சமையல் அதில்தான். ஆனால் வீட்டு சிலிண்டரை வியாபாரத்திற்குப் பயன்படுத்தக் கூடாது. வியாபார சிலிண்டர் வாங்க மொத்தமாகப் பணம் வேண்டும். விறகுத் தொட்டியிலோ இருபது ரூபாய்க்கும் விறகு கிடைக்கும். ஆகவே இட்லிக்கு விறகடுப்பு. சவுக்குக் கட்டையும், வேலிக்காத்தானும், தச்சுப் பட்டறையில் மிஞ்சும் சிராயும், கொட்டாங்கச்சியும் அதன் உணவு.

சென்ற ஆண்டு தை மாதத்தில் அம்மாவுக்கு இருமல் அதிகமாயிற்று. இரவில் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துகொள்வார். மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு அவர் என்னைப் பார்த்து, "வீட்டில் யாராவது புகை பிடிக்கிறார்களா?" என்று கேட்டார். அப்பாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை என்றேன். "சமையல் எதில்?" என்றார். சொன்னேன். "அப்படியானால் அம்மாதான் புகை பிடிக்கிறார்" என்றார் அவர். அம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதே வாரத்தில்தான் நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வெப்ப மின்னிரட்டைச் சோதனை செய்தோம். இரு வேறு உலோகக் கம்பிகளின் முனைகளை இணைத்து, ஓர் இணைப்பைச் சூடாகவும் மற்றதைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்னியக்கு விசை பிறக்கிறது. 1821-இல் சீபெக் கண்டறிந்த விளைவு இது. குரோமல், அலுமல் கம்பிகளாலான இரட்டையில் ஒரு பாகை செல்சியஸுக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட். பாதரச வெப்பமானியை அடுப்பில் வைக்க முடியாது. பாதரசம் 357 பாகையில் தானே கொதித்துவிடும். இந்தக் கம்பியோ ஆயிரம் பாகையையும் தாங்கும். எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. அடுப்பு எப்போது புகைகிறது, எப்போது புகையவில்லை என்று அளந்தால், புகையாத அடுப்பு ஒன்றைச் செய்துவிடலாம் அல்லவா?

கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறிய இரண்டு நாள் கூலியை எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். வெப்ப மின்னிரட்டைக் கம்பியுடன் கூடிய மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வந்தேன். மறுநாள் விடியற்காலையில் நான் அடுப்பின் வாய்க்குள் கம்பியை நீட்டியபோது அம்மா கேட்டார்:

"என்னடா, அடுப்புக்கு ஜுரம் பாக்கறியா?"

"ஆமாம்மா. முந்நூத்தி நாப்பது டிகிரி."

"அய்யய்யோ, ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டுப் போவணும்!"

பக்கத்து வீட்டு ஆயா எட்டிப் பார்த்து, "பையன் டாக்டருக்கா படிக்கிறான்?" என்று கேட்டார். "இல்ல, அடுப்புக்குப் படிக்கிறான்" என்றார் அம்மா. அன்று முதல் தெருவில் எனக்கு 'அடுப்பு டாக்டர்' என்று பெயர் வந்துவிட்டது.

என் நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்திகள் போட்டேன்: நேரம், வெப்பநிலை, புகையின் அளவு. புகையை அளக்கக் கருவி இல்லாததால் 'அதிகம், நடுத்தரம், குறைவு' என்று கண்ணால் பார்த்து எழுதினேன். இரண்டு வாரங்களில் ஒரு முறை தெரிந்தது. 300, 400 பாகையில் தீ தடுமாறும்போது கண் எரியும் புகை. 600-ஐத் தாண்டியதும் புகை மெலிந்து, தழல் தெளிந்த மஞ்சளாக நிற்கும்.

காரணத்தைப் புத்தகங்களில் தேடினேன். விறகு நேரடியாக எரிவதில்லையாம். சூடேறும்போது முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகிறது. 200, 300 பாகையைக் கடக்கும்போது கட்டை சிதைந்து வாயுக்களாகவும் தார் ஆவியாகவும் வெளியேறுகிறது. உலர்ந்த விறகின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு இப்படி ஆவியாகக் கூடியதுதான். நாம் தழல் என்று பார்ப்பது அந்த வாயு எரிவதை. அது முழுமையாக எரிய 600 பாகைக்கு மேற்பட்ட சூடும் போதிய காற்றும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும், எரியாத வாயுவும் தாரும் கரித்தூளும் வெளியே வந்துவிடுகின்றன. அதைத்தான் புகை என்கிறோம். புகை என்பது எரியாத விறகு! அம்மா காசு கொடுத்து வாங்கிய விறகு, அவர் கண்ணையும் நெஞ்சையும் அடைத்துக்கொண்டு வீணாகப் போகிறது.

ஈர விறகின் கொடுமையும் அப்போதுதான் விளங்கிற்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கியபோது எனக்கு விவரம் தெரியத் தொடங்கிய வயது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அது மீண்டும் நடந்தது. தண்ணீர் வடிந்த மறுநாள், ஊறிப்போன கட்டைகளை வைத்துக்கொண்டு அம்மா ஒரு மணி நேரம் ஊதுகுழலால் ஊதினார். ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும் என்று உள்ளுறை வெப்பப் பாடத்தில் படிக்கிறோம். அந்த வெப்பத்தைத் தீயிடமிருந்து பறித்துக்கொண்டுதான் ஈரம் போகிறது. தீ குளிர்கிறது, குளிர்ந்த தீ புகைகிறது. அன்று அம்மா ஊதியது விறகை அல்ல, உள்ளுறை வெப்பத்தை என்று இப்போது புரிகிறது.

அளக்க அளக்க, வேறொன்றும் புரிந்தது. நான் கருவியால் அறிந்தவற்றில் பாதியை அம்மா கருவியின்றி அறிந்திருந்தார். தோசைக்கல் காய்ந்ததா என்று பார்க்க ஒரு கை நீரைத் தெளிப்பார். நீர் 'சுர்' என்று பொங்கி மறைந்தால் மாவை ஊற்றுவார். துளிகள் முத்து முத்தாக உருண்டு ஓடினால், "கல்லு கோவமா இருக்கு" என்று விறகை இழுப்பார். நான் கம்பியை வைத்துப் பார்த்தேன். துளி உருளும்போது கல் 200 பாகைக்கு மேலே இருந்தது. மிகச் சூடான பரப்பில் நீர்த்துளியின் அடியில் ஆவிப்படலம் உண்டாகி அதைத் தாங்கிக்கொள்வதை 1756-இல் லைடன்ஃபிராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்தார்; அவர் பெயராலேயே அவ்விளைவு வழங்குகிறது. தோசை சுடும் நம் பெண்களுக்கு அந்தப் பெயர் தெரியாதே தவிர, விளைவு தெரியும்.

இட்லிப் பானையில் ஆவி வந்ததும் அம்மா இரண்டு கட்டைகளை வெளியே இழுத்து மண்ணில் அணைத்துவிடுவார். "ஏன்மா?" என்றேன். "ஆவி வந்தாச்சு. இதுக்கு மேல எரிச்சா இட்லி சீக்கிரமா வேவுமா? தண்ணிதான் சுண்டும்" என்றார். கொதிக்கும் நீர் எவ்வளவு எரித்தாலும் 100 பாகைக்கு மேல் ஏறாது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை.

ஆனால் அம்மா அறியாத ஒன்றும் இருந்தது. வெப்பம் எங்கே போகிறது என்பதுதான் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்குப் போட்டேன். ஐந்து லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர 1,470 கிலோஜூல் போதும். அதற்கு எங்கள் அடுப்பு தின்ற விறகு 700 கிராம். காற்றில் உலர்ந்த விறகில் கிலோவுக்கு ஏறத்தாழ 16,000 கிலோஜூல் என்று கொண்டால், எரித்தது 11,200 கிலோஜூல். பானைக்குள் சென்றது 13 சதவீதம்! மீதி 87 சதவீதம் எங்கே போயிற்று? சுவருக்கு, கூரைக்கு, காற்றுக்கு, எரியாத புகைக்கு. எல்லாவற்றிற்கும் மேலாக, அடுப்பின் முன் அமர்ந்திருந்த என் தாயாருக்கு. சித்திரை மாதத்து ஒரு காலையில் அவர் முகத்தருகே கம்பியைப் பிடித்தேன். 44 பாகை காட்டிற்று. மீனம்பாக்கத்தில் 40 பாகையைத் தொட்டால் செய்தித்தாளில் போடுகிறார்கள். அடுப்பங்கரையில் 44 பாகை எந்த நாளும் செய்தியானதில்லை.

இந்த இடத்தில் குளிர்நாடுகளை நினைத்துப் பார்க்கிறேன். அங்கே விறகடுப்பு வீட்டின் நடுக்கூடத்தில் இருக்கிறது. அதன் வேலையே வீட்டைச் சூடாக்குவது. நாம் வீணென்று சொல்லும் வெப்பத்தைத்தான் அவர்கள் வேண்டி எரிக்கிறார்கள். அவர்களும் வெப்பநிலையை அளக்கிறார்கள். புகைக்குழாயின் மேல் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வெப்பமானி ஒன்றை வைக்கிறார்கள். குழாயின் மேற்பரப்பு ஏறத்தாழ 110 முதல் 240 பாகைக்குள் இருந்தால் நலம். அதற்குக் கீழே போனால் புகையிலுள்ள தார் குழாயின் உட்சுவரில் படிந்துவிடும். பின்னொரு நாள் அதுவே தீப்பற்றும். மேலே போனால் விறகு வீண், குழாய்க்கும் ஆபத்து. கணிதமேதை இராமானுஜன் கேம்பிரிட்ஜில் குளிர் தாங்காமல் கணப்பின் அருகே ஒடுங்கி அமர்ந்திருந்ததையும், கம்பளிகளுக்குள் நுழைந்து படுப்பது எப்படி என்பதை மகலனோபிஸ் அவருக்குக் காட்டிக் கொடுத்ததையும் படித்திருக்கிறோம். பின்னர் நோயுற்ற இராமானுஜனுக்கு இங்கிலாந்தின் மெண்டிப் மலை விடுதியில் சிகிச்சை அளித்தவர்களுள் ஒருவர் டாக்டர் சவுரி முத்து. நெஞ்சு நோய்க்குத் தூய காற்றே மருந்து என்று நம்பிய அவரே 1928-இல் நம் தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையை நிறுவினார். 'தாம்பரம் சானடோரியம்' என்று ரயில் நிலையத்திற்கே பெயர் வந்தது அதனால்தான். தூய காற்றுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரில், விடியற்காலை மூன்றரை மணிக்கு என் தாயார் புகையில் அமர்ந்திருக்கிறார்!

அடுப்பைத் திருத்துவது என்று முடிவு செய்தேன். இதில் எனக்கு முன்னோடிகள் பலர். பீரங்கி குடையும்போது பிறக்கும் வெப்பத்தை 1798-இல் விளக்கிய ரம்ஃபோர்டை இயற்பியல் மாணவர் அனைவரும் அறிவோம். அதே ரம்ஃபோர்டு, திறந்த அடுப்பு வெப்பத்தை வீணடிக்கிறது என்று சொல்லி, ஏழைகளுக்கான சமையற்கூடத்தில் மூடிய அடுப்புகள் கட்டியவர் என்பது பலருக்குத் தெரியாது. நம் நாட்டில் ஐதராபாத் பொறியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ். பி. ராஜு 1950-களிலேயே புகைபோக்கி வைத்த மண் அடுப்பை வடிவமைத்தார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் தொடங்கிய 'அஸ்த்ரா' என்ற ஊரக அறிவியல் பிரிவு தன் பெயரிலேயே ஓர் அடுப்பை உருவாக்கியது. 1983-இல் மைய அரசு தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. 2002-இல் அது முடிவதற்குள் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் கட்டப்பட்டன. ஆனால் அவற்றுள் பல சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. வாய் சிறிது, பானை பொருந்தவில்லை, புகைபோக்கி அடைத்துக்கொண்டது என்று காரணங்கள் பல. கட்டியவர்கள் ஒருவர், சமைத்தவர்கள் வேறொருவர்.

இதையெல்லாம் படித்தும் நான் அதே பிழையைச் செய்தேன். களிமண்ணும் உமியும் குழைத்து, அடியில் இரும்புக் கம்பிச் சல்லடை வைத்து, பானையைத் தாழ்த்தி, வாயைக் குறுக்கி ஓர் அடுப்பு கட்டினேன். வெப்பம் வெளியே போகக் கூடாது என்று பானையைச் சுற்றி இடைவெளியே விடவில்லை. அடுத்த நாள் விடியலில் அது எரியவே மறுத்தது. போக வழியில்லாத புகை வாயிலேயே திரும்பி வந்தது. மாவு ஊற்றிய முதல் ஈடு வேகவில்லை. ரயிலுக்குப் போகிறவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். அம்மா அன்று என்னைத் திட்டவில்லை. "மாவு புளிச்சுப் போச்சுன்னா என்னடா பண்றது?" என்று மட்டும் கேட்டார். நான் நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் புறப்பட்டேன்.

மாலையில் திரும்பியபோது அம்மா ஈர மண்ணில் கை வைத்துக்கொண்டிருந்தார். பானையின் கழுத்தைச் சுற்றி மண்ணைச் சுரண்டி எடுத்திருந்தார். "ரெண்டு விரக்கடை இடம் விடுடா. நெருப்புக்கும் மூச்சு விடணும் இல்ல?" என்றார். அந்த இரண்டு விரல் இடைவெளியில்தான் நான் தவறவிட்ட இயற்பியல் முழுவதும் இருந்தது. வாயையும் தம் கைக்கு ஏற்றபடி அவரே அகலப்படுத்தினார். நான் கட்டைகளைச் சிறிதாகப் பிளந்து கூரைக்கடியில் உலர்த்திக் கொடுத்தேன். அடுப்பு காய்ந்ததும் மூட்டினோம். பத்து நிமிடத்தில் 650 பாகை. அதே ஐந்து லிட்டர் நீருக்கு 420 கிராம் விறகு. 13 சதவீதம் 22 சதவீதமாயிற்று. நான் துள்ளிக் குதித்தேன். தினமும் 12 கிலோ விறகு எரிந்த வீட்டில் ஏறத்தாழ 7 கிலோ போதுமென்றாயிற்று. கிலோ பத்து ரூபாய் என்றால், நாளொன்றுக்கு 120 ரூபாய் செலவு 71 ரூபாயாகக் குறைந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் இன்பமாக இருந்திருக்கும். ஆனால் அம்மாவின் இருமல் குறையவில்லை.

என் கணக்குகளை எங்கள் பேராசிரியரிடம் காட்டினேன். பாராட்டினார். பிறகு, "எல்லா இடத்திலும் அடுப்பின் வெப்பநிலையே எழுதியிருக்கிறாய். உன் நோக்கம் அடுப்பா, அம்மாவா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொல்லித்தான் இரண்டு ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். 1980-களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க அறிஞரும் இந்திய ஆய்வாளர்களும் குஜராத் கிராமங்களில், சமைக்கும் பெண்கள் மீதே கருவியை மாட்டிவிட்டு அவர்கள் சுவாசிக்கும் புகையை அளந்தார்கள். நம் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழகக் கிராம வீடுகளில் செய்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. விறகு முதலியவற்றால் சமைக்கும் பெண் ஒரு நாளில் சராசரியாகச் சுவாசிக்கும் காற்றில் கன மீட்டருக்கு 231 மைக்ரோகிராம் நுண்துகள். எரிவாயு போன்ற தூய எரிபொருள் உள்ள வீடுகளில் அது 82 என்று கண்டார்கள். அவர்கள் அடுப்பை அளக்கவில்லை. அடுப்பின் முன் இருப்பவரை அளந்தார்கள். நானோ ஒன்பது மாதம் வெப்பமானியைத் தவறான இடத்தில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நுண்துகளை அளக்கும் கருவி என்னிடம் ஏது? வேதியியல் ஆய்வுக்கூடத்திலிருந்து வட்டமான வெள்ளை வடிதாள்கள் மூன்று கேட்டு வாங்கினேன். ஒன்றை, பழைய முறையில் கட்டை வைத்து எரித்துவந்த பக்கத்து வீட்டு ஆயாவின் அடுப்பருகே, அவர் முகம் இருக்கும் உயரத்தில் கம்பியில் தொங்கவிட்டேன். இரண்டாவதை எங்கள் புதிய அடுப்பருகே, அம்மாவின் முகம் இருக்கும் உயரத்தில். மூன்றாவதை வீட்டுக்குள் எரிவாயு அடுப்பருகே. ஒரு வாரம் விட்டுவிட்டு மூன்றையும் எடுத்து வரிசையாகத் தரையில் வைத்தேன். ஆயாவுடையது காப்பிப்பொடி நிறம். எரிவாயு அடுப்பினுடையது ஏறக்குறைய வெள்ளை. நம் புதிய அடுப்பினுடையது? முன்னதைவிட வெளிர்தான், ஆனால் பழுப்பு. மூட்டும்போதும், கட்டையைத் தள்ளும்போதும், அணைக்கும்போதும் தீ 600-க்குக் கீழே இறங்கத்தானே செய்கிறது! என் அடுப்பு விறகை மிச்சம் பிடித்தது. நெஞ்சை மிச்சம் பிடிக்கவில்லை.

அம்மாவிடம் இதுவரை எத்தனையோ எண்களைச் சொல்லியிருக்கிறேன். "அப்படியா" என்பார். அன்று எண் எதையும் சொல்லவில்லை. தாளைக் காட்டினேன். நடுத்தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலால் தேய்த்தார். போகவில்லை. விரலை நாக்கில் நனைத்துத் தேய்த்தார். அப்போதும் போகவில்லை.

"பாத்திரத்துல படிஞ்சா சாம்பல் போட்டுத் தேய்க்கலாம்" என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "உள்ள படிஞ்சா யாருடா தேய்க்கிறது?"

அன்று இரவு இருவரும் உட்கார்ந்து மீண்டும் கணக்குப் போட்டோம். வியாபார சிலிண்டரின் விலை மாதந்தோறும் மாறும். நாங்கள் கணக்கிட்ட மாதத்தில் எரிவாயு கிலோவுக்கு ஏறத்தாழ 100 ரூபாய். ஒரு கிலோ எரிவாயுவில் 46,000 கிலோஜூல். அடுப்பின் திறன் 65 சதவீதம் என்று கொண்டால், எங்கள் ஒரு நாள் இட்லிக்கு 840 கிராம் எரிவாயு போதும். 84 ரூபாய். எங்கள் பழைய அடுப்புக்கு நாங்கள் கொடுத்து வந்ததோ 120 ரூபாய்! இத்தனை ஆண்டுகளாக, விலை குறைவு என்று நினைத்து அதிக விலை கொடுத்திருக்கிறோம். விறகை இருபது ரூபாய்க்கும் தருவார்கள். சிலிண்டரை அப்படித் தரமாட்டார்கள். ஏழைக்கு எதுவும் சில்லறையாகத்தான் கிடைக்கிறது; சில்லறையில் எல்லாமே விலை அதிகம். இதை எந்த வெப்பமானியும் காட்டாது.

ஆனால் நான் கட்டிய புதிய அடுப்போடு ஒப்பிட்டால்? 71 ரூபாய் விறகு. 84 ரூபாய் எரிவாயு. வேறுபாடு 13 ரூபாய். நான் என் திறமையைக் காட்டி விறகடுப்பை மலிவாக்கியதால், எரிவாயு இப்போது பதின்மூன்று ரூபாய் கூடுதலாகத் தெரிந்தது! அந்த எண்ணை எழுதிவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். அம்மா நோட்டைத் தம் பக்கம் திருப்பினார். அவருக்கு எழுத்து கூட்டி வாசிக்கத்தான் தெரியும். எண்கள் நன்றாகத் தெரியும். 13-ஐ விரலால் தொட்டு, "இவ்வளவுதானா?" என்றார். "ரெண்டு இட்லி காசு."

முன்பணத்திற்கு மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் வாங்கினோம். சென்ற பொங்கலிலிருந்து இட்லிப் பானை எரிவாயுவில் ஏறியிருக்கிறது. இட்லியின் விலையை அம்மா ஏற்றவில்லை. முன்பெல்லாம் விறகுக்கடியில் முடங்கிக் கிடந்த முதுகு, இப்போது நிமிர்ந்து நின்று வேலை செய்கிறது. 'அம்மாவின் இருமல் அடியோடு நின்றுவிட்டது' என்று எழுத எனக்கும் ஆசைதான். நிற்கவில்லை. இருபது ஆண்டுப் புகை இரண்டு மாதத்தில் போகாது என்று மருத்துவர் சொல்கிறார். ஆனால் இரவில் எழுந்து உட்காராமல் தூங்குகிறார். வெகுநாள்களுக்குப் பிறகு நானும் தூங்குகிறேன்.

நாங்கள் கட்டிய அடுப்பை இடிக்கவில்லை. கொல்லைப்புறத்தில் திறந்த வெளியில் இருக்கிறது. தீபாவளிக்கு வெந்நீர் போடவும், சிலிண்டர் தீர்ந்துபோன நாளில் கைகொடுக்கவும் அது உதவும். பக்கத்து வீட்டு ஆயா தம் வீட்டிலும் அப்படி ஒன்று கட்டித் தரச் சொல்லியிருக்கிறார். இரண்டு விரக்கடை இடைவெளி விட்டுக் கட்டப்போகிறேன்; கட்டும் முன் அந்தக் காப்பிப்பொடி நிறத் தாளையும் காட்டப்போகிறேன். எதை வைத்துக்கொள்வது என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

நண்பர்களே! நாம் ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ அளவைகளைக் கற்கிறோம். மதிப்பெண்ணுக்காகக் கற்றாலும் அவை நல்ல கருவிகளே. அவற்றை ஒருமுறை நம் வீட்டு அடுப்பங்கரைக்கும் எடுத்துச் செல்வோம். எடுத்துச் செல்லும்போது எதை அளக்கிறோம் என்பதோடு யாருக்காக அளக்கிறோம் என்பதையும் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிக்கொள்வோம். நான் அதைக் கடைசிப் பக்கத்தில்தான் எழுதினேன்.

மல்டிமீட்டர் இப்போது அடுப்பங்கரை ஆணியில் தொங்குகிறது. சில நாள்களில் அம்மாவே கேட்கிறார், "இன்னிக்கு எவ்வளவுடா ஜுரம்?" என்று. அம்மாவின் முகம் இருக்கும் உயரத்தில் கம்பியைப் பிடித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

"முப்பத்தி ரெண்டும்மா."

— பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு (இயற்பியல்)